கூடி விளையாட ஆறு ஆங்கில வாக்கியங்கள்: ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆறு வாரப் பயிற்சி

முதல் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு ‘ஃப்ரெண்டு’ என்ற சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எப்போதோ தமிழாகிவிட்டது. தென் மாவட்டத்துப் பிள்ளை சேக்காளி என்று சொல்லும், இன்னொரு ஊர்ப் பிள்ளை கூட்டாளி என்று சொல்லும். ஃப்ரெண்டு என்றால் இரண்டு பேருக்குமே புரியும். இருந்தும் ஆங்கிலப் பாடத்தில் நட்பு வந்ததும் கரும்பலகையில் "எ ஃப்ரெண்ட் இஸ் கைண்ட்" என்று எழுதிப்போட்டு, கோரஸாகச் சொல்லவைத்து, நோட்டில் ஐந்து தடவை எழுதவைக்கிறோம். இடைவேளை மணி அடித்ததும் அதே வகுப்பில் ஒரு பிள்ளை சுவரோரம் நின்று மற்றவர்கள் ஓடிப்பிடித்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்தப் பிள்ளைக்குத் தேவை நட்பின் இலக்கணம் அல்ல. ஆட்டத்துக்குள் நுழைய ஒரு வாக்கியம், தன் முறையைக் கேட்க ஒரு வாக்கியம், பிடிக்காததை நிறுத்தச் சொல்ல ஒரு வாக்கியம். இவற்றைத் தமிழிலேயே கேட்கத் தயங்கும் பிள்ளைகள் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு விளையாட்டாக, எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லும் வாய்பாடாகக் கிடைக்கும்போது அந்தத் தயக்கம் குறையும். எல்லோருக்கும் அது புது வாக்கியம். வீட்டில் நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கும் பேசாத பிள்ளைக்கும் தொடக்கம் ஒன்றே. இந்த வழிகாட்டி அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

ஐந்து முதல் எட்டு வயது வரை, வகுப்பில் 25 முதல் 30 பிள்ளைகள் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம். வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் போதும். ஒரே நாளில் ஒரு மணி நேரம் செய்வதைவிட இது அதிகப் பலன் தரும், ஏனென்றால் இந்த வாக்கியங்கள் மறுநாள் இடைவேளையில் வாயில் வரவேண்டியவை. வெள்ளிக்கிழமை மட்டும் செய்தால் திங்கள்கிழமை காணாமல் போய்விடும்.

ஆறு வாரத்துக்கு ஆறு. முதல் வாரம், பெயர் சொல்லி "ஹலோ". இரண்டாம் வாரம், "மை டர்ன், யுவர் டர்ன்". மூன்றாவது, "கேன் ஐ ஹேவ் தி ரெட், ப்ளீஸ்?" அதற்குப் பதில் "ஹியர் யூ ஆர்". நான்காவது, "ஐ லைக் மேங்கோ", "மீ டூ". ஐந்தாவது, "கேன் ஐ ப்ளே?" ஆறாவது, "ஸ்டாப், ஐ டோன்ட் லைக் இட்". இதற்கு மேல் சேர்க்க ஆசை வரும். சேர்க்க வேண்டாம். ஆறும் தன்னால் வாயில் வருவது, இருபதைப் பார்த்து வாசிப்பதைவிடப் பெரிது.

"கேன் ஐ ப்ளே?" தான் எல்லாவற்றிலும் முக்கியம், அதை ஏன் ஐந்தாவது வாரத்துக்குத் தள்ளுகிறோம் என்று கேட்கலாம். மூன்றாம் வாரத்தில் "கேன் ஐ" என்ற தொடக்கம் கிரேயான் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிவிடும். பிறகு ‘ப்ளே’ என்ற ஒரே சொல்தான் புதிது. கூச்சமுள்ள பிள்ளைக்கு அந்தச் சின்ன வித்தியாசமே பெரிய உதவி.

எதில் தமிழ், எதில் ஆங்கிலம்

முதலில் இதைத் தீர்த்துக்கொண்டு தொடங்குங்கள். மனசு சம்பந்தப்பட்ட பேச்செல்லாம் தமிழில். யார் யாரை அடித்தார்கள், ஏன் அழுகை, யாருக்கு எப்படி இருந்தது என்பதை ஆறு வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. சொல்லவைத்தால் "ஐ சேட்" என்பதோடு நின்றுவிடும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். செய்கிற காரியத்துக்கான வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில். அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் "இங்கிலீஷ்ல சொல்லு" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது.

இன்னொன்று. சில பிள்ளைகள் வாரக்கணக்கில் ஒரு சொல்கூடச் சொல்லாது. கேட்டுக்கொண்டே இருக்கும், கையசைக்கும், தலையாட்டும். புது மொழிக்குள் வரும் சின்னப் பிள்ளைகளிடம் இந்த மௌனம் வழக்கமானது. பந்தை உருட்டினால் போதும், கிரேயானை நீட்டினால் போதும் என்று விட்டுவிடுங்கள். சைகையும் பதில்தான்.

முதல் வாரம்: பந்து

பழைய செய்தித்தாளைக் கசக்கி, மேலே துணி சுற்றி, நாலைந்து ரப்பர் பேண்ட் போட்டால் பந்து தயார். பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஒரு பந்து. முப்பது பேரையும் ஒரே வட்டமாக உட்காரவைத்தால் ஒரு பிள்ளைக்குப் பந்து வர ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மற்ற இருபது பேரும் வேறு உலகத்தில் இருப்பார்கள்.

தரையில் உட்கார்ந்து, யாருக்கு அனுப்பப்போகிறோமோ அவர் முகத்தைப் பார்த்து "ஹலோ, கவிதா!" என்று சொல்லிவிட்டு உருட்ட வேண்டும். வாங்கியவர் "ஹலோ, முத்து!" என்று திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு உருட்டுவார். எறியவே கூடாது. எறிந்தால் நன்றாகப் பிடிக்கிறவர்களுக்கே பந்து போகும், ஆட்டம் கேட்ச் பயிற்சி ஆகிவிடும். பந்து வந்து போனவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கை கட்டாதவருக்குத்தான் அடுத்து உருட்டலாம். இந்த ஒரு விதி இல்லாவிட்டால் நாலு பேருக்குள்ளேயே பந்து சுற்றும்.

விதி இருந்தும் கடைசியாகப் பந்து வருவது யாருக்கு என்று கவனியுங்கள். மூன்று நாளும் ஒரே பிள்ளைக்கென்றால் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் பந்தை அந்தப் பிள்ளையிடமிருந்தே தொடங்குங்கள். காரணம் சொல்ல வேண்டாம், சும்மா கொடுத்தால் போதும்.

பெயர் தெரியாமல் இருப்பதும் இந்த வாரத்தில்தான் வெளியே வரும். இரண்டு வருடமாக ஒரே வகுப்பில் இருந்தும் "அந்தப் புள்ள" என்றே சொல்லிவந்தவர்கள் இருப்பார்கள். பட்டப்பெயர் சொல்லி உருட்டினால் பந்து திரும்பி வந்துவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் வாரம்: யார் முறை

நம் பிள்ளைகள் "என் சான்ஸ்" என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இந்த இடத்துக்கு ‘டர்ன்’. திருத்தம் சொல்லிக்கொண்டிருக்காமல், முறை மாறி மாறி ஆடியே தீரவேண்டிய ஆட்டத்தைக் கொடுத்துவிட்டால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். பல்லாங்குழி இதற்கு அருமையான ஆட்டம். முழுப் பலகையில் 14 குழி, குழிக்கு ஐந்து முத்து என்றால் 70 முத்து. ஆறு வயதுக்கு அது முடிவில்லாமல் நீளும். சாக்பீஸால் தரையில் ஆளுக்கு மூன்று வட்டம், மொத்தம் ஆறு. வட்டத்துக்கு மூன்று புளியங்கொட்டை, ஆக 18. ஒரு வட்டத்தில் உள்ளதை அள்ளி அடுத்தடுத்து ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை முத்து தீர்ந்ததும் முறை மாறும். தீர்ந்த இடத்துக்கு அடுத்த வட்டம் காலியாக இருந்தால், அதற்கும் அடுத்ததில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சேர்ந்தால் பசு என்ற விதியெல்லாம் மூன்றாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அள்ளுவதற்கு முன் நெஞ்சைத் தொட்டு "மை டர்ன்". போட்டு முடித்ததும் உள்ளங்கையை எதிரில் இருப்பவர் பக்கம் நீட்டி "யுவர் டர்ன்". கை நீட்டுவது முக்கியம்: முறையைப் பிடுங்கிக்கொள்ளாமல் கொடுக்கப் பழகுவது அந்தக் கையசைவில்தான் இருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கையும் கூட இருந்தால் புளியங்கொட்டை வேண்டாம், மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள். பாட்டில் மூடிகள் போதும்.

மூன்றாம் வாரம்: நாலு கிரேயான், ஒரு படம்

ஆறு வாரத்தில் மிக அதிகமாகப் பலன் தருவது இந்தச் செயல்பாடுதான், அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். 28 பிள்ளைகள் என்றால் ஏழு குழு. இரண்டு சார்ட் தாளை ஒவ்வொன்றும் நான்காக வெட்டினால் எட்டுத் துண்டு. ஏழு குழுவுக்கு ஏழு, செய்துகாட்ட ஒன்று. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் ஒவ்வொன்றிலும் ஏழு கிரேயான், செய்துகாட்டும் துண்டுக்குத் தனியாக ஒரு நாலு. தாளில் ஓட்டு வீடு, மரம், சூரியன், குளம் கோட்டோவியமாக நீங்களே வரைந்துவிடுங்கள். ஓட்டுக்குச் சிவப்பு, மரத்துக்குப் பச்சை, சூரியனுக்கு மஞ்சள், குளத்துக்கு நீலம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரே ஒரு கிரேயான், அது அவருடையது. ஆனால் அவர் நிறமடிக்க வேண்டிய இடம் வேறு நிறம். சிவப்பு வைத்திருப்பவருக்கு மரம், பச்சை வைத்திருப்பவருக்குச் சூரியன், மஞ்சளுக்குக் குளம், நீலத்துக்கு ஓடு. ஆக, யாரும் கேட்காமல் வேலையைத் தொடங்கவே முடியாது. "கேன் ஐ ஹேவ் தி கிரீன், ப்ளீஸ்?" "ஹியர் யூ ஆர்." "தேங்க் யூ."

தொடங்கும் முன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எதிரெதிரே உட்கார்ந்து செய்துகாட்டுங்கள். முதலில் கேட்காமல் எடுக்கக் கை நீட்டுங்கள். அந்தப் பிள்ளை கிரேயானை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளட்டும். வகுப்பு சிரிக்கும். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைப் பார்த்து, மெதுவாகக் கேளுங்கள். கிரேயான் வரும். இந்த இரண்டும் அடுத்தடுத்து கண்முன் நடந்தால் வேறு விளக்கமே தேவையில்லை.

இங்கே கெட்டுப்போகும் வழிகள் மூன்று. முதலாவது, கையில் கூடுதல் கிரேயான் பெட்டி இருந்தால் எல்லாம் வீண். பைகளைச் சுவரோரம் வைத்துவிடச் சொல்லுங்கள். இரண்டாவது, கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மொத்தத்தையும் வாங்கித் தானே நிறமடித்துவிடும். அதனால் அவரவர் இடத்தில் அவரவர் பெயரின் முதல் எழுத்தைச் சின்னதாக எழுதிவிடுங்கள். மூன்றாவது, கறுப்பு. ஐந்தாவதாகக் கறுப்பைச் சேர்த்தால் எல்லோரும் கோடு போட அதையே கேட்பார்கள், கறுப்பு வைத்திருப்பவர் வேலையே செய்ய முடியாமல் எரிச்சலாவார்.

தமிழில் நண்பனிடம் "தயவுசெய்து", "நன்றி" என்று யாரும் சொல்வதில்லை; சொன்னால் விலகிப்போனதுபோல இருக்கும். நம் மரியாதை வினைமுற்றில் இருக்கிறது: "குடு" என்பதும் "குடுங்க" என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில் வினை மாறாது, அதனால் அந்த மரியாதையை ‘ப்ளீஸ்’ சுமக்கிறது. பிள்ளைகள் ப்ளீஸை விட்டுவிடுவதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மொழிப் பழக்கம். நினைவூட்டினால் போதும், கண்டிக்க வேண்டியதில்லை.

ஷேரும் சேரும்

‘ஷேர்’ என்ற சொல் நட்புப் பாடத்தில் வந்தே தீரும். அதைப் பெரும்பாலான பிள்ளைகள் ‘சேர்’ என்பார்கள். நாற்காலியும் சேர்தான், "எங்ககூட சேர்" என்பதும் சேர்தான். மூன்றும் ஒரே ஒலியாகக் காதில் விழுவதால் குழப்பம். வெறுமனே திருத்தித் திருத்திச் சொல்வதில் பயனில்லை, வாய் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும்.

சத்தம்போடும் வகுப்பை அடக்க உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" என்கிறோமே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் விரலை உதட்டில் வைத்து "ஷ்ஷ்ஷ்" என்று இழுத்து, அப்படியே விரலை எடுத்து "ஏர்" என்று முடிக்க வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்தால் காற்று நீளமாக வருவது தெரியும். நாற்காலிக்கு "பச்சை" என்பதில் வரும் அழுத்தமான ‘ச்ச்’; நாக்கு மேலே ஒட்டி விலகும், காற்று ஒரு வெட்டாக வரும். பிறகு ஆட்டம்: நீங்கள் ‘ஷேர்’ என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் பென்சிலை நீட்ட வேண்டும், ‘சேர்’ என்றால் நாற்காலியை ஓடிப்போய்த் தொட வேண்டும். நாள் ஒன்றுக்கு இரண்டு நிமிடம், நான்கு நாளில் காது பிரித்துவிடும். வாய்க்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.

இதே சிக்கல் ‘ஷீ’ என்பதிலும் உண்டு. அது ‘சீ’ ஆனால் தமிழில் முகம் சுளிக்கும் சொல். ஒரு பெண்பிள்ளையைக் காட்டி "சீ இஸ் மை ஃப்ரெண்ட்" என்றதும் வகுப்பு சிரித்துவிடும், அந்தப் பிள்ளை சுருங்கிப்போகும். அதனால் ‘ஷீ’ வரும் வாக்கியங்களுக்கு முன் இந்த "ஷ்ஷ்" பயிற்சி முடிந்திருக்க வேண்டும்.

பங்கிடுவதைத் தின்பண்டத்தில் காட்ட ஆசைப்படுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடலைமிட்டாய் கண்ணுக்கு நன்றாகப் பாதியாகும். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைகள் உண்டு, எச்சில் பார்க்கும் வீடுகளும் உண்டு. பிள்ளைகளே இதற்கு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: சட்டை நுனியில் பொதிந்து காக்காய்க் கடி கடித்துப் பிரிப்பது. அதை அவர்களையே நடித்துக்காட்டச் சொல்லி, களிமண் மிட்டாயை வைத்து "ஹாஃப் ஃபார் யூ, ஹாஃப் ஃபார் மீ" என்று சொல்லவைத்தால் போதும்.

நான்காம் வாரம்: உனக்கு எது பிடிக்கும்

இருவர் எதிரெதிரே. ஆளுக்கு ஒரு தாள், ஒரே ஆறு படங்கள்: மாம்பழம், நாய், மழை, சைக்கிள், இட்லி, கிரிக்கெட். இடையில் ஒரு நோட்டைச் செங்குத்தாக நிறுத்தி மறைப்பு. ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை, பிடித்த மூன்று படங்களின் மேல் வைக்க வேண்டும். வைத்து முடித்ததும் நோட்டை எடுத்துவிட்டு, மாற்றி மாற்றி "ஐ லைக் மேங்கோ". எதிரில் இருப்பவருக்கும் அதே படத்தில் கொட்டை இருந்தால் "மீ டூ!"

மறைப்பு இல்லாமல் செய்தால் என்ன ஆகும் என்றால், பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் "மீ டூ" என்று வரும். பிடித்துப்போக வேண்டும் என்ற ஆசையில் பிள்ளைகள் தன் விருப்பத்தையே மாற்றிக்கொள்வார்கள். முதலிலேயே கொட்டை வைத்துவிட்டால் மாற்ற முடியாது. முடிந்ததும் "டூ சேம்" "ஒன் சேம்" என்று எண்ணிச் சொல்லட்டும். ஒன்றுகூட ஒத்துப்போகாத ஜோடியும் இருக்கும். அவர்களை விட்டுவிடாதீர்கள், முன்னால் அழைத்து, ஒருவருக்கு மழை, ஒருவருக்கு சைக்கிள், இருவரும் இன்று ஒன்றாக உட்கார்ந்து ஆடினார்கள் என்று தமிழில் சொல்லுங்கள். ஒத்த ரசனை இருந்தால்தான் நட்பு என்ற எண்ணம் இந்த ஆட்டத்திலிருந்து வந்துவிடக் கூடாது.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரித்திருப்பீர்கள். அதை இங்கே அப்படியே பயன்படுத்தலாம்: அரும்பு படத்தைத் தொட்டு "மேங்கோ" என்று சொன்னால் போதும், மொட்டு முழு வாக்கியம் சொல்லும், மலர் சொல்லிவிட்டுத் தாளில் எழுதும். ஆனால் ஜோடி சேர்க்கும்போது நிலையைக் கலந்துவிடுங்கள்.

ஐந்தாம் வாரம்: "கேன் ஐ ப்ளே?"

அமெரிக்கச் சமூகவியலாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னப் பிள்ளைகள் விளையாடும் விதங்களைப் பிரித்தபோது, ஆடாமல் நின்று பார்ப்பதையும் ஒரு நிலையாகச் சேர்த்தார். ஓரமாக நிற்கும் பிள்ளை சும்மா நிற்கவில்லை, ஆட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் நமக்குப் பயன்படும் விஷயம். அதனால் "போய் விளையாடு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளக் கூடாது. பார், பக்கத்தில் போய் நில், ஒரு ஆட்டம் முடியட்டும், அப்போது கேள்: நாலு படி. நடு ஆட்டத்தில் கேட்டால் எவ்வளவு நல்ல பிள்ளைகளும் "போடா" என்றுதான் சொல்வார்கள்.

இதைக் கைப்பாவையில் பழக்குங்கள். பழைய காலுறை மூன்று, கண்ணுக்குப் பொத்தான். அல்லது மளிகைக் கடைக் காகிதப்பை. ஒன்று அணில், இரண்டு காக்கா. மிருகமும் பறவையும் ஏன் என்றால், சேர்த்துக்கொள்ளாத வேடத்தை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது. ஒதுங்கி நிற்கும் வேடத்தை, நிஜத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது.

மூன்று முடிவு காட்டுங்கள். அணில் கேட்கிறது, காக்கா "யெஸ், கம்!" என்கிறது. அடுத்த தடவை "வெயிட், நெக்ஸ்ட் டர்ன்" என்கிறது; அணில் உட்கார்ந்து காத்திருக்கிறது, பிறகு ஆடுகிறது. மூன்றாவதில் "நோ" என்கிறது. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் மைதானத்தில் அதுவும் நடக்கும். "நோ" கேட்ட அணில் "ஓகே" என்று சொல்லிவிட்டு வேறொரு காக்காவிடம் போய்க் கேட்கிறது, அங்கே இடம் கிடைக்கிறது. "இப்போ அணிலுக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த முதல் காக்கா வேற என்ன சொல்லியிருக்கலாம்?" என்று தமிழில் பேசுங்கள். பிள்ளைகளிடமிருந்து நல்ல பதில்கள் வரும், நிறுத்தி நிதானமாகக் கேளுங்கள்.

வாக்கியத்தின் ராகத்தையும் கவனிக்க வேண்டும். "கேன் ஐ ப்ளே" என்று தட்டையாக முடித்தால் அறிவிப்பு போல இருக்கும். கடைசிச் சொல்லில் குரல் மேலே ஏற வேண்டும். கையைத் தரையிலிருந்து தோள்வரை உயர்த்திக்கொண்டே சொல்லவைத்தால் குரலும் கூடவே ஏறிவிடும்.

ஆறாம் வாரம்: காயும் பழமும்

சண்டை போட்டால் கா விடுவதும், சமாதானமானால் பழம் விடுவதும் பிள்ளைகளே நடத்திவரும் ஏற்பாடு. அதைத் தடுக்க வேண்டாம். கா விட்டு அரை மணி நேரம் விலகியிருப்பதில் சூடு தணிகிறது. நாம் சேர்க்க வேண்டியது கா விடுவதற்கு முன் சொல்லும் ஒரு வாக்கியம்: உள்ளங்கையை முன்னால் காட்டி, "ஸ்டாப், ஐ டோன்ட் லைக் இட்". அடிக்காமல், அழாமல், டீச்சரிடம் ஓடாமல் முதலில் இதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று பழக்குகிறோம். அடிபட்டாலோ, பயமாக இருந்தாலோ, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டாலோ உடனே பெரியவர்களிடம் வரவேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

பயிற்சி: இருவர் நின்றுகொண்டு, ஒருவர் மற்றவர் பென்சிலை மெல்ல இழுப்பதுபோல நடிப்பார். மற்றவர் கை காட்டிச் சொன்னதும் இழுப்பவர் சிலையாக நிற்க வேண்டும். சத்தமான, தெளிவான குரல் வேண்டும், கத்தல் வேண்டாம். எப்போதும் மெதுவாகப் பேசும் பிள்ளைகளிடம் இதை மூன்று நாலு தடவை கூடுதலாகச் செய்யுங்கள்.

‘சாரி’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது மிகச் சுலபமாக வரும் சொல். முட்டிவிட்டு ஓடிக்கொண்டே "சாரி" என்று கத்திவிட்டுப் போவார்கள். அதனால் ‘சாரி’யைக் கேட்டு வாங்குவதைவிட "ஆர் யூ ஓகே?" என்று நின்று கேட்கப் பழக்குவது நல்லது. அதைக் கேட்க ஓட்டத்தை நிறுத்த வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். விழுந்த பிள்ளைக்கு அதுதான் வேண்டும். நிஜச் சண்டை நடந்த அன்றே இதைப் பாடமாக்காதீர்கள். மறுநாள், அணிலையும் காக்காவையும் வைத்து.

ஜோடி சேர்ப்பதும், கேட்கக் கூடாத கேள்விகளும்

ஆறு வாரமும் ஜோடியைச் சீட்டுக் குலுக்கியோ, சா பூ த்ரீ போட்டோ முடிவு செய்யுங்கள். "உனக்குப் பிடிச்சவங்களோட உட்காரு" என்றால் கடைசியில் தனியாக நிற்கப்போவது யார் என்று உங்களுக்கே தெரியும். ஆண், பெண் ஜோடியாக வந்தால் மூன்றாம் வகுப்பில் கேலி எழும். எல்லாச் சீட்டிலும் எல்லோரும் கலந்து வருவதால் நாலு நாளில் அது அடங்கும். கைகோக்கத் தயங்கினால் கைக்குட்டையின் இரண்டு முனையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும்.

‘மை ஃப்ரெண்ட்’ என்று ஒருவரையொருவர் பேட்டி எடுத்து எழுதும் பயிற்சித்தாள்களில் "வேர் டூ யூ லிவ்?" என்றும், அப்பா என்ன வேலை என்றும் கேள்விகள் இருக்கும். அவற்றை எடுத்துவிடுங்கள். நம் ஊர்களில் தெருவின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும், அப்பாவின் வேலையைச் சொன்னால் வீட்டு நிலை தெரிந்துவிடும். நட்பு பழக்கும் பாடத்தில் பிள்ளைகளைப் பிரிக்கும் தகவலைச் சத்தமாகச் சொல்லவைப்பது பெரிய தவறு. "ஹூ இஸ் யுவர் பெஸ்ட் ஃப்ரெண்ட்?" என்று வகுப்பு நடுவில் கேட்பதும் அப்படித்தான், பெயர் சொல்லப்படாத பிள்ளைகள் அன்றைக்கு முழுதும் அதைச் சுமப்பார்கள்.

அதற்குப் பதிலாக ஏ4 தாளை நான்காக மடித்து, பெயர், பிடித்த நிறம், பிடித்த உணவு, நன்றாகச் செய்வது என்ன என்று நான்கு கட்டம். பிழை வரும் இடங்கள் இரண்டு. "மை ஃப்ரெண்ட் நேம்" என்று எழுதுவார்கள், ஏனென்றால் தமிழில் "என் நண்பன் பெயர்" என்றால் போதும், உருபு தேவையில்லை. ஆங்கிலத்தில் அங்கே அப்பாஸ்ட்ரஃபியும் எஸ்ஸும் வேண்டும். அதை ஒரு சிவப்புச் சீட்டில் எழுதி, அந்த இடத்தில் கையால் ஒட்டவைத்தால் நினைவில் நிற்கும். இரண்டாவது, "ஷீ லைக் மேங்கோ". ஒன்று, இரண்டாம் வகுப்பில் இதைத் திருத்த மல்லுக்கட்ட வேண்டாம். "ஷீ கேன் ரன்", "ஹீ கேன் டிரா" என்று ‘கேன்’ வைத்து எழுதவையுங்கள். யாருக்கும் வினை மாறாது, பிழைக்கே இடமில்லை, பிள்ளையைப் பற்றிச் சொல்லும் செய்தியும் நல்ல செய்தியாக இருக்கும்.

வீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளோடு செய்கிற பெற்றோர் இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அக்கா தம்பி இருவருக்கு ஒரு படம், இரண்டு கிரேயான். நீங்களும் உட்கார்ந்து கேட்டு வாங்கி நிறமடியுங்கள்.

பிடித்துக்கொண்டார்களா என்று பார்ப்பது

தேர்வு வைக்காதீர்கள். வகுப்புப் பெயர்ப் பட்டியலை ஒரு அட்டையில் ஒட்டி, இடைவேளையில் நாளுக்கு மூன்று நிமிடம் மைதானத்தில் நில்லுங்கள். நீங்கள் தூண்டாமல் யார் எந்த வாக்கியத்தைச் சொன்னார்கள் என்று வாரத்தின் எண்ணை மட்டும் பெயருக்கு நேரே குறியுங்கள். பாதித் தமிழ் கலந்து "டேய், கேன் ஐ ப்ளேடா?" என்று வந்தாலும் குறியுங்கள். அது முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது என்பதற்கே அடையாளம்.

தொடங்கும் வாரத்திலும் முடிந்த பிறகும், ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாக, காதோரம், "யார் பக்கத்துல உட்கார ஆசை? ரெண்டு பேர் சொல்லு" என்று தமிழில் கேளுங்கள். யாரைப் பிடிக்காது என்று கேட்கவே வேண்டாம். வீட்டில் ஒரு தாளில் பெயர்களை வட்டமாக எழுதி, சொன்னவரிடமிருந்து அவர் சொன்ன பெயருக்கு அம்புக்குறி போடுங்கள். மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோ 1930-களில் உருவாக்கிய முறை இது; தாளை யாரிடமும் காட்டக் கூடாது, வேலை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். ஒரு அம்பும் வராத பெயர்கள் கிடைக்கும். பெரும்பாலும், பந்து கடைசியாகப் போன அதே பெயர்கள்.

அந்தப் பிள்ளைகளை வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த நட்சத்திரத்தோடு ஜோடி சேர்க்க வேண்டாம். அங்கே அவர்கள் இன்னும் மங்கிப்போவார்கள். "ஹியர் யூ ஆர்" என்று முகம் பார்த்துக் கொடுக்கிற, அமைதியான பிள்ளை ஒன்று எல்லா வகுப்பிலும் இருக்கும். சீட்டுக் குலுக்கலில் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கைவைத்து, அவர்கள் இருவரையும் கிரேயான் குழுவில் இரண்டு வாரம் சேர்த்து வையுங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போதும் அம்பு வரவில்லை என்றால் மூன்றாம் வாரச் செயல்பாட்டைப் புதுப் படத்தோடு திரும்ப நடத்துங்கள். இந்த முறை தேர் வரையலாம்: அலங்காரத் துணிக்குச் சிவப்பு, தோரணத்துக்குப் பச்சை, கலசத்துக்கு மஞ்சள், வானத்துக்கு நீலம்.